ஆறு எடுத்ததென்று நம்பியவள்

எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றிக் குறை பேசினால் செடியக்காவுக்குப் பிடிக்காது. மழைக்காலத்தில் சேறு தெரு வரைக்கும் வந்துவிட்டதே என்று யாராவது முணுமுணுத்தால், "அந்தச் சேத்து மேலதான் நீ வீடு கட்டியிருக்க" என்பாள். எதிர்த்துப் பேச முடியாது. உண்மை அதுதான்.

மேலே மலையில் அருவி. அது விழுகிற இடத்தில் வீட்டளவு பாறைகள். அங்கிருந்து இறங்கும் ஆறு தன் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துக்கொண்டே வருகிறது. முதலில் பெரிய கல், பிறகு கூழாங்கல், பிறகு மணல், கடைசியில் ஏரிக்குப் பக்கத்தில் மாவு போன்ற வண்டல். ஊரும் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அருவிப் பக்கம் கல்லுடைப்பவர்கள், நடுவில் செங்கல் சூளையும் மணல் வண்டிகளும், கீழே தோட்டக்காரர்கள், ஏரியோரம் மீன் பிடிப்பவர்கள். மேலே போகப் போக ஆட்களின் பேச்சும் கரடுமுரடாகும் என்று நாங்கள் கீழ்ப்பக்கத்தவர் கிண்டல் செய்வோம். கல்லுடைப்பவர்களின் எதிரில் செய்ய மாட்டோம்.

இங்கே எதுவும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. அருவியின் விளிம்புப் பாறை எப்போதாவது ஒரு துண்டு உடைந்து விழும். அருவி கொஞ்சம் பின்னால் போகும். ஒரு காலத்தில் அது விழுந்து தோண்டிய பள்ளத்தைத் தூர்த்துத்தான் இன்றைக்குச் சந்தை கூடுகிறது. ஏரியோ எதிர்ப்பக்கம் நகர்கிறது. ஆறு கொண்டுபோய்க் கொட்டும் வண்டலுக்கு இடம் விட்டு விட்டு அது ஊரைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. பழைய படகுத்துறையின் கற்படிகள் ஒரு கத்தரித் தோட்டத்தின் நடுவில் நிற்கின்றன. படியிறங்கிப் போனால் படகு கிடைக்காது, கத்தரிக்காய் கிடைக்கும்.

நான் மோட்டார் மெக்கானிக். என் பட்டறை செடியக்காவின் நாற்றுப்பண்ணைக் கதவை ஒட்டியிருக்கிறது. ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் அவளுடைய பம்பு செட்டு அடிக்கடி கோபித்துக்கொள்ளும். அதைச் சமாதானப்படுத்துவது என் வேலை. அவள் ஒருநாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மோட்டாரு" என்பாள். அவள் பெயரும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் செடியக்காதான்.

எலுமிச்சை, மாதுளை, கொய்யா மூன்றிலும் ஒட்டுக்கன்று போட்டு விற்பாள். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே வரிசையாகத் தாய்மரங்கள். அவற்றிலிருந்துதான் ஒட்டுக்குக் குச்சி எடுக்க வேண்டும். கன்று செத்தால் இன்னொரு கன்று போட்டுக்கொள்ளலாம். தாய்மரம் போனால் பண்ணை என்பது வெறும் மண் பைகளும் கிழிந்த நிழல்வலையும்தான். நிழல்வலை கிழிந்தால் அவளே சிவப்பு நைலான் நூலால் தைப்பாள். பச்சை வலைக்குப் பச்சை நூல் கிடைக்காதா என்று கேட்டால், "தச்ச இடம் கண்ணுல பட்டாத்தானே அடுத்த கிழிசலுக்கு முன்னாடி பாக்க முடியும்" என்பாள். அழகு பார்க்கிற ஆள் இல்லை.

எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கும் ஊரில் எல்லைக்கல் நட்டு என்ன பயன்? அதனால் இங்கே ஆற்றின் நடுதான் எல்லை. ஆறு உன் பக்கம் போட்ட மண் உனக்கு. எடுத்த மண் போனது போனதுதான். அதற்காக அக்கரைக்காரனோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. ஆறு செய்ததற்கு ஆளை நோகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உன் கரைக்கு முட்டுக் கொடுக்கலாம், மண் சரியாமல் கழி அடிக்கலாம். ஓடுகிற தண்ணீருக்குள் மட்டும் ஒரு கல்லைக்கூடப் போடக் கூடாது. போட்டவன் பிடிபட்டு, நிலம் இழந்தவர் வந்து கேட்டால், ஊர் பார்க்க அவன் கையாலேயே அதை எடுக்க வேண்டும். அடி உதை எதுவும் கிடையாது. அதன் பிறகு ஆறு அவனிடமிருந்து எதை எடுத்தாலும் அவன் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏரியின் பெரிய படகுக்காரர்தான் இதையெல்லாம் முன்நின்று பார்ப்பவர். அவருக்கு இந்த விஷயத்தில் பெரிதாக வேலை வந்ததில்லை. தண்ணீருக்குள் கல் போடுகிற புத்தி எங்கள் ஊரில் யாருக்கும் வராது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

செடியக்கா அதை மற்றவர்களைவிட ஒருபடி மேலே நம்பினாள்.

அவளுக்கு ஒரு தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் அவள் இடுப்பில் இருந்தான். அவளே அப்போது வளர்ந்து முடியாத பெண். ஆற்றுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் அவன் அவள் பின்னாலேயே தத்தித் தத்தி நடப்பான். அதைப் பார்த்து ஊர் அவனுக்கு வாத்து என்று பெயர் வைத்தது. மீசை முளைத்தும் பெயர் போகவில்லை. அவனைப் படிக்க வைத்தாள், அக்கரையில் பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தாள். தனக்கு ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "நேரம் கிடைக்கல" என்பாள், ஏதோ ரேஷன் கடைக்குப் போக மறந்தவள்போல.

கல்யாணமான கையோடு வாத்து அக்கரைக்குக் குடிபோனான். மாமனார் வீட்டுச் சீதனமாக ஆற்றோரம் ஒரு துண்டு நிலம். நிலம் என்று சொல்வது மரியாதைக்கு. முழுக்கக் கூழாங்கல். செடியக்கா அவனைக் கூப்பிட்டு, பண்ணையில் பாதியை எடுத்துக்கொள் என்றாள். நான் அப்போது பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன், என் காதால் கேட்டேன்.

"வேண்டாம்கா. எனக்கு அது போதும்" என்றான்.

ஊரே மெச்சியது. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தங்கள் வீட்டுத் தம்பிகளைத் திட்டினார்கள். நானும் என் தம்பியைத் திட்டினேன். அவன் பாவம், ஒன்றும் செய்யாதவன்.

அதற்குப் பிறகு ஆறு இந்தப் பக்கம் சாயத் தொடங்கியது. வளைவில் ஓடும் தண்ணீர் வெளிக்கரையைத் தின்னும், உள்கரையில் துப்பும். இது குழந்தைக்கும் தெரியும். செடியக்காவின் கரை வெளிக்கரை. ஆனால் மேல்வளைவில் ஒரு களிமண் மேடு முட்டுக் கொடுத்து நின்றதால் அது காலங்காலமாகப் பல் படாமல் இருந்தது. இப்போது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கடி. முதலில் வேலி போயிற்று. அடுத்து நாற்று மேடை. பிறகு கொய்யாத் தாய்மரங்களில் நல்ல காய்ப்பு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஏரிப்பக்கம் மிதந்துபோனது. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. ஆனாலும் ஆற்றை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க அப்பா காலத்துல இது குடுத்த மண்ணுதானே, கேக்குது, எடுத்துக்குது" என்றாள்.

அக்கரையில் வாத்தின் கூழாங்கல் மேல் மணல் படிந்தது, மணல் மேல் வண்டல் படிந்தது, புல் வந்தது, காய்கறி வந்தது. கடைசியில் அந்தப் புது மண்ணிலேயே வீடு கட்டினான். கிரகம் உச்சத்தில் இருக்கிறது என்று அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. செடியக்கா பெருமூச்சு விடவில்லை, சந்தோஷப்பட்டாள். "போனது வேற எங்கயும் போகலையே, என் தம்பிகிட்டதானே போயிருக்கு." அவன் குடிபோன புதிதிலேயே பழைய நிழல்வலைகளைச் சுருட்டி, வாத்துக்கூண்டு கட்டிக்கொள் என்று கொடுத்தனுப்பியவள் அவள். வாத்துக்கே வாத்துக்கூண்டா என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வாத்து நன்றி கெட்டவன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே அடிக்கப் போயிருப்பேன். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் படகு நிறையக் கழிகளை ஏற்றிக்கொண்டு வருவான். அக்காவின் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கழி அடிப்பான். எங்கே அடிக்க வேண்டும் என்று அவனே பார்த்துச் சொல்வான், அவள் கேட்டுக்கொள்வாள். கை கொப்பளித்துப் போகும். அவள் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவுவாள். "நீ கவலைப்படாதக்கா, நான் இருக்கேன்ல" என்பான். அவன் அடித்த இடம் நிற்கும், அதற்குக் கொஞ்சம் மேலே கரை சரியும். அடுத்த வருஷம் இன்னும் கெட்டியாக அடிக்கலாம் என்பான்.

கரை தாய்மர வரிசைக்கு வந்து நின்றது. எலுமிச்சை மரத்தின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. இன்னும் ஒரு நல்ல வெள்ளம் வந்தால் மரங்களும் இல்லை, அதற்கடுத்த வெள்ளத்துக்கு வீடும் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வெள்ளம் வரவில்லை, வறட்சி வந்தது. அருவி ஒரு கயிறாக இளைத்தது. ஏரி பின்வாங்கிச் சேறு வெடித்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். அக்காவின் பம்பு காற்றைக் குடித்துக்கொண்டு கத்தியது. குழாய் நுனியின் ஃபுட்வால்வை வைக்க ஆழமான இடம் தேடி, குழாயை இழுத்துக்கொண்டு நான் மேல்வளைவுப் பக்கம் நடந்தேன். நடுவைத் தாண்டி, அக்கரைப் பக்கமாக, பாசி பிடித்த ஏதோ ஒன்றில் கால் சிக்கி விழுந்தேன். வலையில் கட்டிய கல் மூட்டை. அதற்கப்பால் இன்னொன்று. சாய்வாக, ஒன்றை ஒன்று ஒட்டி, ஒரு வரிசையே கிடந்தது. நான் விழுந்த எரிச்சலில் கத்தியால் வலையை அறுத்துப் பிய்த்தேன். மேலே சூளைக்காரன் எவனோ குப்பையைக் கொட்டியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். என் புத்தி பம்பைத் தாண்டிப் போனால்தானே.

பிய்த்த வலையைப் பண்ணைக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் எறிந்தேன். "பாருங்கக்கா, தண்ணிக்குள்ள என்னத்தைப் போட்டு வெச்சிருக்கானுங்க."

அவள் அதை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசினாள். எதையும் அலசாமல் பார்க்க மாட்டாள். பாசி போனதும் பச்சை தெரிந்தது. பச்சையின் நடுவே சிவப்பு நைலான் தையல் தெரிந்தது.

கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பம்பைப் பற்றி ஏதோ உளறினேன்.

"எங்க இருந்துச்சு?" என்றாள்.

சொன்னேன். சாய்வாக, நம் கரையைப் பார்த்து, என்றும் சொன்னேன். மேல்வளைவின் தண்ணீரை எல்லாம் ஒதுக்கி இந்தப் பக்கம் தள்ளுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்துதான் போட்டிருக்கிறான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "என்கூட அக்கரைக்கு வா" என்றாள். உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். தம்பி பிள்ளைகளுக்குக் கொய்யாப்பழம். அந்த வீட்டுக்கு அவள் வெறுங்கையோடு போனதில்லை. சண்டைக்குப் போகும்போதும் கை தானாக அதைச் செய்திருக்கிறது.

வாத்து வீட்டு முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இரண்டும் "அத்தை" என்று ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடின. அவன் மனைவி, "வாங்கண்ணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை. வலையைச் சுவரோரம் வைத்தாள்.

"இது எங்க கிடைச்சுது தெரியுமா?"

அவன் பார்த்தான். சுண்ணாம்பு மட்டையை வாளிக்குள் போட்டான். "மேல்வளைவுல" என்றான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் கணக்கில் நல்லதாக எழுத எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"எப்ப இருந்து?"

"பெரியவ பொறந்த வருஷத்துல இருந்து."

"அவளுக்குத் தொட்டில் கட்டக் கயிறு கொண்டுவந்தேனே. அந்த வருஷமா?"

"ஆமாக்கா."

"பாதி நிலம் எடுத்துக்கோன்னு சொன்னேன். வேண்டாம்னு நீதானே சொன்ன."

"ஆமா."

"அப்புறமாவது வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும். கேட்டா குடுத்துடுவ. அதான் கேக்கல."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவன் கையிலிருந்த சுண்ணாம்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே பேசினான், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொறந்ததுல இருந்து நீ குடுத்து நான் வாங்கிட்டே இருந்தேன்கா. சோறு, துணி, படிப்பு, பொண்டாட்டி வரைக்கும். இன்னமும் ஊர்ல எவனும் என்னைப் பாத்தா செடியக்கா வளத்த பையன்னுதான் சொல்றான். இந்த ஒண்ணாவது ஆறு குடுத்ததா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"ஆறு எங்கடா குடுத்துச்சு? என்கிட்ட இருந்து இல்ல எடுத்த?"

"எடுத்தது ஆறுதானேக்கா" என்றான், மெதுவாக. பல வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிப் போயிருந்தது.

"வருஷா வருஷம் வந்து கழி அடிச்சியே, அது?"

"அது உண்மையாத்தான்கா அடிச்சேன்."

அவனை ஆற்றில் நாலு முக்கு முக்கி எடுக்க வேண்டும்போல எனக்கு இருந்தது. முழங்கால் தண்ணீரில் அதற்கும் வழியில்லை. அவன் மனைவி செம்பும் கையுமாக நின்றாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதை அவள் முகமே சொன்னது. செம்பைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது செடியக்கா நடு ஆற்றில் நின்றாள். "கழி எல்லாம் கீழ்ப்பக்கமா அடிச்சான், தண்ணி மோதினது மேல்பக்கம்" என்றாள். "கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. அவன் கை கொப்பளத்தைப் பாத்தேன், கரையைப் பாக்கல. வயிறு எரியுது மோட்டாரு." நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயிறு என்றாள்.

விஷயம் சந்தைக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. நான்தான் சொன்னேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கூடவே இருந்து குழி பறித்துவிட்டான் என்று சிலர், வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சிலர். கல்லுடைப்பவர்கள் வந்து, நாங்கள் வேண்டுமானால் அவனிடம் இரண்டு வார்த்தை பேசவா என்று கேட்டார்கள். அவர்கள் பேசினால் பல் மிஞ்சாது. அக்கா வேண்டாமென்றாள். மீன்காரக் கிழவி மட்டும், "சொந்தத் தம்பிடி, விட்டுத்தள்ளு. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்றாள்.

"ஆடுது. அதான் இப்படி வலிக்குது" என்றாள் செடியக்கா.

அவள் முன்னால் இருந்த கணக்கு எளிது, கொடியது. படகுக்காரரிடம் போய்க் கேட்டால் வாத்து மூட்டைகளை எடுத்தாக வேண்டும். எடுத்தால் அடுத்த வெள்ளத்தில் ஆறு பழைய வழிக்குத் திரும்பி, தான் போட்ட வண்டலைத் தானே அள்ளிக்கொண்டு போகும். அவன் வீடு அந்த வண்டல் மேல் நிற்கிறது. கேட்காமல் விட்டால் அவள் தாய்மரங்கள் போகும், பிறகு அவள் வீடு போகும். இரண்டு வீட்டில் ஒன்றுதான் நிற்கும். அவள் ஒட்டுக் கட்ட உட்கார்ந்தால் கத்தி விரலில் பட்டது. அவள் விரலில் ரத்தம் நான் அதுவரை பார்த்ததில்லை. போய்க் கேளுங்கள் என்று நான் காலையும் மாலையும் நச்சரித்தேன். "உனக்கென்ன, ஸ்பேனரைப் போட்டுக் கழட்டுற மாதிரி சொல்ற" என்றாள். விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். அவளுக்குப் பழக்கமான ஒரே வேலை அதுதானே.

மேகம் கூடத் தொடங்கிய சமயத்தில் வாத்து படகோடு வந்தான். படகு நிறையக் கழி. நான் பட்டறையிலிருந்து எழுந்து போய் நின்றேன். அவன் எங்களைப் பார்க்காமல் கரையில் இறங்கி முதல் கழியை ஊன்றினான்.

"இந்த வருஷம் நெருக்கமா அடிச்சுத் தரேன்கா" என்றான்.

அவள் வந்து கரை விளிம்பில் குந்தி உட்கார்ந்தாள். "மேல கிடக்கறதை எடுத்துடுறியா?"

சுத்தியலை ஓங்கியவன் நிறுத்தினான். "எடுத்தா என் வீடு போயிடும்கா."

"எடுக்கலேன்னா?"

அவன் கழியைப் பார்த்தான். பிறகு அடிக்கத் தொடங்கினான். அடித்துக்கொண்டே இருந்தான். தாய்மரங்களின் தொங்கும் வேர்களுக்குக் கீழே நின்று, கீழ்ப்பக்கமாக, எப்போதும் அடிக்கும் அதே இடத்தில்.

அவள் எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக ஏரிக்கரைக்கு நடந்தாள். பெரிய படகுக்காரர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். "கேக்க வந்திருக்கேன்" என்றாள். அவர் வேறெதுவும் விசாரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

மறுநாள் இரண்டு கரையிலும் ஊர் நின்றது. வாத்து தண்ணீரில் இறங்கி மூட்டை மூட்டையாகத் தூக்கிக் கரையில் போட்டான். கனமான கல். உதவிக்கு யாரும் இறங்கக் கூடாது என்பது வழக்கம். ஒரு மூட்டையைத் தூக்க முடியாமல் சறுக்கி முகம்குப்புற விழுந்தான். செடியக்காவின் கால் தன்னால் ஓரடி முன்னால் போனதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். அவள் அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கடைசி மூட்டை வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள்.

மழை இறங்கியது. மேலே அருவியின் சத்தம் மாறியது. அது இரைச்சலிலிருந்து உறுமலுக்குப் போனால் கீழே எங்களுக்குக் கொஞ்ச அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அவகாசத்தில் வாத்து வந்தான். பண்ணைக் கதவுக்கு வெளியே நின்றான். பின்னால் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டை முடிச்சு, தலைகீழாகக் கட்டிய நாற்காலிகள்.

"அக்கா" என்றான். "வெள்ளம் வடியற வரைக்கும் நாங்க இங்க இருந்துக்கலாமா?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது அது முதல் தடவையாக இருக்க வேண்டும். கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்திருக்கிறதே, கேட்க எங்கே இடம். அந்த நேரத்தில் எனக்கே அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

செடியக்கா கதவைத் திறந்தாள். பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். தம்பி மனைவியின் தலையிலிருந்த மூட்டையைத் தானே வாங்கி இறக்கினாள். "பின்னறையைக் காலி பண்ணி வெச்சிருக்கேன், போய்ப் படுக்கையைப் போடும்மா" என்றாள். காலி செய்து வைத்திருந்தாள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

பிறகு கதவைச் சாத்தினாள். வாத்து வெளியே நின்றான்.

"இவங்க எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்" என்றாள். "நீ வேற இடம் பாத்துக்கோ."

அவன் மழையில் நின்றான். யாராவது மறுத்துப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தான்போல. மனைவி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அவன் ஏரிப்பக்கம் நடந்தான். அந்த மழைக்காலம் முழுக்கப் பெரிய படகுக்காரரின் படகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான்.

ஆறு தன் பழைய வழியை மறக்கவில்லை. களிமண் மேட்டில் மோதி நடுவுக்குத் திரும்பி, அக்கரை வண்டலைக் கரைத்தது. காய்கறிப் பாத்திகள் ஒரே காலையில் போயின. சுண்ணாம்பு அடித்த சுவர் கொஞ்ச நேரம் தனியாக நின்றது, அப்புறம் உட்கார்ந்தது. பிள்ளைகள் இந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"அத்தை, எங்க வீட்டை யாரு எடுத்தா?" என்று பெரியவள் கேட்டாள்.

ஆறு என்று சொல்லியிருக்கலாம். ஊரில் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "நான்தான் கண்ணு எடுக்கச் சொன்னேன்" என்றாள் செடியக்கா. "பெரியவளானதும் என்னைத் திட்டணும்னு தோணிச்சுன்னா திட்டு. வாங்கிக்கறேன்." அந்தப் பெண்ணுக்கு அப்போது புரிந்திருக்காது. அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளம் வடிந்தபோது தாய்மரங்கள் நின்றன. தொங்கிய வேர்களுக்குக் கீழே புதிதாக வண்டல் சேர்ந்திருந்தது. இன்னும் சில வெள்ளத்தில் கரை வேலி இருந்த இடம் வரைக்கும் வந்துவிடும். தம்பி மனைவி இப்போது பண்ணையில் ஒட்டுக் கட்டப் பழகுகிறாள், பிள்ளைகள் இங்கிருந்தே பள்ளிக்கூடம் போகின்றன. வாத்து தினமும் வேலை முடிந்து கதவுக்கு வெளியே வந்து நின்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறான். படகுக் கொட்டகையில் தார் பூசுகிற வேலை கிடைத்திருக்கிறது.

போன வாரம் பம்பு மறுபடி கோபித்துக்கொண்டது. கரையில் புது மண்ணில் உட்கார்ந்து அதைக் கழற்றினேன். செடியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வண்டலை ஒரு கை அள்ளிக் காட்டினேன்.

"பாத்தீங்களாக்கா, உங்க மண்ணு உங்களுக்கே வந்துடுச்சு. இனிமே நிம்மதியா இருங்க."

அவள் அந்த மண்ணை வாங்கி விரலால் உதிர்த்தாள்.

"நேத்து கதவுகிட்ட நின்னான்" என்றாள் பிறகு. "நான் செடிக்குத் தண்ணி விட்டுட்டு இருந்தேன். சாப்டியாக்கான்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எதுக்குக் கேக்கறான், இதுக்குப் பின்னால என்ன வெச்சிருக்கான்னு யோசிச்சேன்" என்றாள். "சாப்டியான்னு கேட்டதுக்கு, மோட்டாரு."